‘இன்வலியுவபிள்’ என்றொரு சொல்

(நூற்றாண்டு விழாவில், ஆங்கிலம் கற்பித்த பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



“நீண்ட பேச்சு வேண்டாம், பிரயோசனமாக ஏதாவது சொல்லுங்கள்” என்று விழாக்குழுவினர் எம்மிடம் கேட்டார்கள். ஆங்கிலம் கற்பித்தவர்களிடம் சொல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது? எனவே ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டோம். நன்றிக் கடிதம், பிரியாவிடைப் பேச்சு, நற்சான்றிதழ் எல்லாவற்றிலும் தவறாமல் வரும் சொல் அது: ‘இன்வலியுவபிள்’.

‘வலியுவபிள்’ என்றால் பெறுமதியான என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ‘கரெக்ட்’ என்பதன் முன் ‘இன்’ சேர்ந்தால் பிழை. ‘விசிபிள்’ என்பதன் முன் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாதது. அப்படியானால் ‘இன்வலியுவபிள்’ என்றால் பெறுமதியற்றது தானே என்று வகுப்பில் வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தப் பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அந்தப் பொருளும் இருந்தது. பின்னர் வழக்கொழிந்து போயிற்று.

இன்றைய பொருள் எப்படி வந்தது? ‘வலியு’ என்பது பெயர்ச்சொல் மட்டுமல்ல, மதிப்பிடு என்ற வினையும் கூட. ஆகவே ‘இன்வலியுவபிள்’ என்றால் மதிப்பிட முடியாதது. ‘இன்’ மறுப்பது பெறுமதியை அல்ல, அளந்து சொல்லும் எமது ஆற்றலை. பெறுமதியே இல்லாததற்கு ‘வலியுலெஸ்’, ‘வேர்த்லெஸ்’ என்ற சொற்கள் உண்டு. ஆனால் அதே ‘லெஸ்’ வால் ஒட்டிய ‘பிரைஸ்லெஸ்’ விலை சொல்ல முடியாத உயர்வைக் குறிக்கிறது. ஆங்கிலம் குழப்படி செய்கிறது என்று கோபிக்காதீர்கள், தமிழும் அப்படித்தான். ‘விலைமதிப்பற்ற சேவை’ என்றால் பாராட்டு. அதில் ‘விலை’யை எடுத்துவிட்டு ‘மதிப்பற்ற சேவை’ என்று சொல்லிப் பாருங்கள்!

தெமட்டகொடைப் பிள்ளைகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பக்கத்தில் கொலன்னாவை எரிபொருள் குதங்கள் இருக்கின்றன. ஒரு தாங்கியில் ‘இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருந்தால், தீப்பிடிக்காது என்று எண்ணி அருகே போகக்கூடாது. இலகுவில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள். அந்த ‘இன்’ மறுப்பல்ல, உள்ளே என்ற பொருள் தரும் வேறொரு ‘இன்’.

இனிப் பாவனைக்கு வருவோம். விலை போடக்கூடிய பொருளுக்கு ‘வலியுவபிள்’ போதும். நாம் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுப் பெறுமதி கணித்துத்தான் மாநகரசபை சோலைவரி அறவிடுகிறது. செட்டியார் தெருவில் ஒரு பவுணுக்கு இன்று என்ன விலை என்று கேட்டால் உடனே சொல்வார்கள். இவையெல்லாம் ‘வலியுவபிள்’. உதவி, ஆலோசனை, அனுபவம், நட்பு போன்றவற்றுக்கே ‘இன்வலியுவபிள்’ பொருந்தும். ‘வெரி இன்வலியுவபிள்’ என்று எழுதாதீர்கள். மதிப்பிட முடியாததில் கூடக் குறைய என்று ஏது?

மாணவிகளே, இலக்கணம் இவ்வளவுதான். மிகுதி, நாம் பெரியவர்கள் கேட்க வேண்டியது.

இந்தச் சொல்லைப் பெண்களின் வேலைக்கே நாம் அதிகம் பாவிக்கிறோம். அன்னையர் தினத்தில் அம்மாவின் உழைப்பு மதிப்பிட முடியாதது. மறுநாள் படிவம் நிரப்பும்போது, ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுகிறோம். யாரும் கேட்டால், “அம்மா வீட்டில சும்மாதான் இருக்கிறா” என்கிறோம். மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கும் இதைத்தான் செய்கிறது. சம்பளத்துக்கு ஒருவர் சமைத்தால் அது கணக்கில் வரும். அதே சமையலைத் தன் குடும்பத்துக்கு ஒரு தாய் செய்தால் வராது. நியூசிலாந்தின் மரிலின் வாரிங் 1988இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதற்கு முன்பே, 1975 ஒக்டோபர் 24ஆம் திகதி, ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 வீதமானோர் வீட்டு வேலையையும் வெளிவேலையையும் ஒருநாள் நிறுத்திவைத்தார்கள். மதிப்பிட முடியாததை அன்று நாடே மதிப்பிட்டுப் பார்த்தது.

தூரம் போகத் தேவையில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம்தான் இலங்கைத் தேயிலையை உலகமெங்கும் கொண்டுபோனது. அந்தப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்தான். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை நாட்டின் வீரர்கள் என்று புகழ்கிறோம். அவர்கள் திரும்பி வரும்போது அந்தப் புகழைக் கடையில் கொடுத்து அரிசி வாங்க முடியாது.

இது எமக்கும் நேர்ந்தது. நியமனம் கிடைக்கும் முன்னர் எம்மில் சிலர் ஒரு பாடசாலையில் சம்பளமின்றித் தொண்டர் ஆசிரியைகளாகக் கற்பித்தோம். விலகும்போது அழகான ஆங்கிலத்தில் கடிதம் தந்தார்கள். அதில் ‘இன்வலியுவபிள்’ இரண்டு இடத்தில் இருந்தது. நேர்முகத்தேர்வில் அதிகாரிகள் கேட்ட கேள்விகள் வேறு: எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை? எந்த வகுப்பு, எந்தப் பாடம்? வரவுப் பதிவேட்டில் கையொப்பம் உண்டா? சம்பவத்திரட்டில் பதிவு உண்டா? கடிதத்தில் ஒன்றுக்கும் விடை இல்லை. எம்முள் ஒருத்திக்கு நான்கு வருடச் சேவை ஒரு நாளாகக்கூடக் கணிக்கப்படவில்லை. மதிப்பிட முடியாதது என்று எழுதிக் கொடுத்ததை, சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் போலும்!

கடிதம் எழுதியவர் கெட்ட மனத்தோடு எழுதவில்லை. நல்ல மனத்தோடு எழுதும்போதும் இந்தச் சொல் எவ்வளவு சுலபமாக விபரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்காகவே சொல்கிறோம். அளக்க முடியாதது என்பது வேறு, அளக்க நாம் முயலவில்லை என்பது வேறு.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: மாலை வகுப்புகளில் இங்கே தொண்டராகக் கற்பிக்கும் எமது பிள்ளைகளுக்குக் கடிதம் கொடுக்கும்போது திகதி, வகுப்பு, பாடம், மணித்தியாலம் எல்லாவற்றையும் முதலில் எழுதுங்கள், பெயரடை பிறகு வரட்டும். இரண்டு: அவர்களுக்கு பஸ் செலவுக்காவது மாதாந்தம் ஒரு தொகையைச் சங்க நிதியிலிருந்து ஒதுக்குங்கள். மூன்று: நூறு ஆண்டுகளாக இந்த மண்டபத்தைக் கூட்டியவர்கள், மணி அடித்தவர்கள், காய்ச்சல் வந்த பிள்ளையை மடியில் கிடத்தி வைத்திருந்த ஆயாமார் ஆகியோரில் நினைவில் உள்ளவர்களின் பெயர்களையும், அவர்கள் வேலை செய்த ஆண்டுகளையும் சங்கப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

இவ்வளவையும் செய்த பின், ‘இன்வலியுவபிள்’ என்று தாராளமாக எழுதலாம். அப்போது அந்தச் சொல் பொருந்தும். எழுத்துக்கூட்டலை வேண்டுமானால் நாம் திருத்தித் தருகிறோம்.