படச் சுருக்கமும் தமிழ்ப் புள்ளியும்



படங்களை இணையத்துக்கேற்பச் சுருக்குவது கணினித் துறையினர் பேசவேண்டிய பொருள். மொழியியலார்க்கு அதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சுருக்கப்படுவது ஒரு தமிழ்ப் பக்கத்தின் படமாயின், அங்கே இழக்கப்படுவது எழுத்தாக இருக்கலாம். ஆகவே அது நம் பொருளும் ஆகிறது.

சுருக்கம் தமிழ் இலக்கணத்துக்குப் புதியதன்று. தொகை என்னும் பெயரால் அதை நாம் நெடுங்காலமாக அறிவோம். ‘ஊறுகாய்’ என்னும் வினைத்தொகையில் காலங்காட்டும் உறுப்பு மறைந்துள்ளது. ‘மோர்க்குடம்’ என்பதில் உருபும் பயனும் மறைந்துள்ளன. எனினும் கேட்போர் தடுமாறுவதில்லை. மோரை உடைய குடம் என விரித்து உணர்கின்றனர். விரித்து உணரத்தக்கதையே தொகுக்கலாம் என்பது இதன் உள்ளுறை நெறி. படச் சுருக்கத்துக்கும் இதையே அளவுகோலாகக் கொள்வோம்.

ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் வருடினால், 2480க்கு 3508 என்னும் அளவில் ஏறத்தாழ 87 இலட்சம் பிக்சல்கள் கிடைக்கின்றன. பிக்சல் ஒன்றின் வண்ணத்துக்கு 3 பைட் எனக் கணக்கிட்டால், ஒரு பக்கம் 26 மெகாபைட் ஆகும். 100 பக்கப் பள்ளி ஆண்டுமலர் 2,600 மெகாபைட். அதைக் கைப்பேசியில் எவர் திறப்பார்? ஆகவே சுருக்கம் இன்றியமையாதது.

1992இல் தரப்படுத்தப்பெற்ற ஜேபெக் முறை நம் கண்ணின் இயல்பை அறிந்து அமைந்தது. ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாக உணரும் கண், நிறத்தின் ஏற்றத்தாழ்வை அவ்வளவு நுட்பமாக உணர்வதில்லை. எனவே அம்முறை பெரும்பாலும் நிறச் செய்தியைக் குறைத்துச் சேமிக்கிறது. பின்பு படத்தை 8க்கு 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறுவனவற்றைப் பேணி, விரைந்து மாறும் நுண்கூறுகளைக் குறைக்கிறது. ஒரு முகம், ஒரு வானம், ஒரு ரப்பர்த் தோட்டம் ஆகியவற்றின் ஒளிப்படத்தில் இவ்விழப்பைக் கண் உணர்வதில்லை. இது நல்ல தொகை.

எழுத்தோ விரைந்து மாறும் கூறுகளால் ஆனது. வெண்மைக்கும் கருமைக்கும் இடையே உள்ள கூரிய விளிம்பே எழுத்து. மிகையாகச் சுருக்கினால் அவ்விளிம்பைச் சுற்றிப் புகைபோன்ற கறை படிகிறது. அளவைக் குறைப்பது அதனினும் கேடு. 10 புள்ளி அளவில் அச்சிட்ட எழுத்து, 300 பிக்சல் வருடலில் ஏறத்தாழ 42 பிக்சல் உயரம் பெறும். மெய்யெழுத்தின் புள்ளி அதில் பத்தில் ஒரு பங்கு எனின் 4 பிக்சல். அப்படத்தை நான்கில் ஒன்றாகச் சிறிதாக்கினால் எஞ்சுவது ஒரே ஒரு பிக்சல். அதையும் கறை விழுங்கினால் ‘பல் மருத்துவர்’ ‘பல மருத்துவர்’ ஆகிவிடுவார். கொம்பின் சுழி மங்கினால் ‘கோடை’ ‘கொடை’ ஆகும். ஒரு சுழி குறைந்தால் ‘மணம்’ ‘மனம்’ ஆகும். இவற்றை விரித்து உணர வழியில்லை.

இந்த இடர்ப்பாட்டை நம் முன்னோர் அறிவர். ஓலைச் சுவடிகளில் புள்ளி இடுவது பெருவழக்காக இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் அங்கே தெளிவாக இராது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்ததும், உ. வே. சாமிநாதையர் சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்ததும் இம்மயக்கத்தைத் தீர்க்கவே பெரிதும் உதவின. அச்சு நமக்கு மீட்டுத்தந்த புள்ளியைக் கவனமற்ற சுருக்கம் மீண்டும் பறித்துவிடலாகாது.

மங்கிய எழுத்தையேனும் ஐயுறலாம். தெளிவாகத் தோன்றும் பிழையை எவர் ஐயுறுவார்? 2013இல் செருமானியக் கணினியியலார் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நகல் இயந்திரங்கள் சில எண்களை மாற்றிப் பதிவதை வெளிப்படுத்தினார். கட்டட வரைபடம் ஒன்றில் 21.11 என்ற அறைப்பரப்பு 14.13 எனப் பதிந்திருந்தது. வேறு தாள்களில் 6 என்பது 8 ஆகியிருந்தது. ஒத்த வடிவங்களை ஒருமுறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே பதிக்கும் ஜேபிக்2 என்னும் சுருக்கமுறையே காரணம். 6க்கும் 8க்கும் உள்ள வேறுபாட்டைக் காணத் தவறிய முறை, னகரத்துக்கும் ணகரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காணும் என்பதற்கு என்ன உறுதி?

கோலாலம்பூரில் 1924 முதல் 2019 வரை வெளிவந்தது ‘தமிழ் நேசன்’. சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கியது ‘தமிழ் முரசு’. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட நம் ஜொகூர்த் தமிழரின் வரலாற்றைத் தேடுவோர்க்கு இவை இரண்டும் சான்றுகள். முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் இணையத்தில் படங்களாக வைத்துள்ளது. நம் பள்ளி மலர்களையும் சங்க வெளியீடுகளையும் அவ்வாறு வைக்க வேண்டியவர்கள் நாம்தாம். பழைய தாள் மட்கியபின், நாம் எடுத்த படமே மூலமாகிவிடும்.

ஆகவே நாம் கைக்கொள்ளத்தக்கவை சில. முதலாவது, இழப்பில்லாத டிஃப் வடிவில் மூலப்படம் ஒன்றை இரண்டு இடங்களில் காத்தல். இணையத்துக்குரிய சிறுபடிகளை அதிலிருந்தே ஆக்குதல். இரண்டாவது, ஒளிப்படத்தையும் எழுத்துப் பக்கத்தையும் ஒருபடித்தாகச் சுருக்காமை. ஒளிப்படத்துக்கு ஜேபெக் முறையில் 80 என்னும் தர அளவு பெரும்பாலும் போதும். எழுத்துப் பக்கத்தை வண்ணம் நீக்கிச் சாம்பல் நிறமாக்கினாலே, சுருக்குமுன் உள்ள பருமன் மூன்றில் ஒன்றாகும். எழுத்தில் ஒன்றும் குறையாது. அதனை இழப்பில்லாத பிஎன்ஜி வடிவில் வைக்கலாம். மூன்றாவது, ஒருமுறை சுருக்கியதை மீண்டும் மீண்டும் சுருக்காமை. புலனத்தில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்புதல் நன்று. நான்காவது, பக்கத்திலுள்ள மிகச் சிறிய எழுத்து வரியைத் திரையில் பார்த்து, புள்ளி, கொம்பின் சுழி, ணகர னகரம் ஆகிய மூன்றும் ஐயமின்றித் தெரிந்த பின்னரே வெளியிடுதல்.

இந்நான்காவது தேர்வைக் கணினி தானாகச் செய்யாது. அதற்குத் தமிழ் அறிந்த கண் வேண்டும். ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் அது உள்ளது. உங்கள் பள்ளியின் பழைய மலர் ஒன்றிலிருந்து இப்பணியைத் தொடங்குமாறு வேண்டி அமைகிறோம்.