டெவனைக் கடக்கும்போது

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது ஆடாமல் அசையாமல் நின்ற பிள்ளைகள் நாம். நல்லதம்பிப் புலவர் தமிழாக்கித் தந்த கீதம். அதைப் பாடிவிட்டு லயத்துக்குத் திரும்பினால், நம்மில் பலர் வீட்டில் யாருக்கும் குடியுரிமை இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் செய்த வேலை அது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் கதை இழுபட்டது. முதன்முதலாக வாக்களித்துவிட்டு வந்த என் அம்மா, மை பூசிய விரலை மூன்று நாள் தேய்த்துக் கழுவவே இல்லை. நாட்டுப்பற்று என்றால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

உரிமை கேட்டதற்கு உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்துச் சம்பளப் போராட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியானவர் கோவிந்தன். 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து டெவனில் உயிர்விட்டவர் சிவனு லெட்சுமணன்.

தூர தேசங்களில் இருக்கும் தங்கைமாரே, ஜனவரி 10இல் வீட்டில் ஒரு விளக்கேற்றி, பிள்ளைகளிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள். கூட்டமும் மாலையும் வேண்டியதில்லை; அதை யூனியன்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும்போது எல்லோரும் டெவன் நீர்வீழ்ச்சியைப் படம் எடுக்கிறோம். நானும் எடுப்பேன். எடுத்துவிட்டுப் பேத்தியிடம் லெட்சுமணன் பெயரைச் சொல்வேன். போன மாதம் பஸ் வளைவில் திரும்பும்போதே அவள் முந்திக்கொண்டாள்: “அம்மாச்சி, லெட்சுமணன் எடம் வந்திருச்சு.”