முழுக் காரைக் காகிதத்தில் மறைக்கிறார்கள்!

(கோவை வட்டாரத்தில் ஓர் ஆலைவாசலில், ஷிப்டு விடும் நேரத்தில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை. சுற்றுக் கிராமங்களிலிருந்து விவசாயத் தொழிலாளர்களும் வந்திருந்தார்கள்.)



இன்றைக்கு நான் கார்களைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் ஊர் டாக்சி அல்ல. கப்பலில் வந்து இறங்குகிற, கோடி ரூபாய் பெறுமான கார்கள். போன வாரம் ஒரு கிராமத்தில் இந்த விஷயத்தை எடுத்தேன். மஞ்சள் காட்டில் களையெடுத்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கேட்டார்: "ஏனுங்க தோழர், காரு வாங்குறவன் ஏமாத்துறான், பிடிக்கிறவன் பிடிக்கிறான். அந்தப் பஞ்சாயத்து நமக்கு எதுக்குங்க?"

நியாயமான கேள்வி. என் பேச்சு முழுவதும் அந்த அம்மாளுக்குப் பதில்தான்.

ஒரு சின்னக் கணக்கு

அந்நிய நாட்டில் முழுதாகச் செய்து இங்கே கொண்டுவரும் கார், 40,000 டாலருக்கு மேல் விலையுள்ளதானால், 2025-26 பட்ஜெட்டின்படி 100 ரூபாய்க்கு 110 ரூபாய் சுங்க வரி. அதன்மேல் ஜி.எஸ்.டி. தனி. ஒரு கோடி ரூபாய்க் காருக்குச் சுங்கம் மட்டும் ஒரு கோடியே பத்து லட்சம் ஆகிறது.

இந்தக் காரை 60 லட்சம் என்று எழுதிக் காட்டினால் என்ன ஆகும்? 66 லட்சம் கட்டினால் போதும். 44 லட்சம் பையில் தங்கிவிடுகிறது! ஒரே கார், ஒரே காகிதம், ஒரே கையெழுத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே முழுக் காரையே காகிதத்தில் மறைக்கிறார்கள்.

44 லட்சம் என்றால் நம் கணக்கில் எவ்வளவு? 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். 130 குடும்பங்கள் வருஷத்தில் நூறு நாள் மண் வெட்டி, வாய்க்கால் தூர்வாரி வாங்கியிருக்கக்கூடிய மொத்தக் கூலி, ஒரு காரின் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது.

இனி நம் பக்கம் பாருங்கள். குளிக்கிற சோப்புக்கு 2025 செப்டம்பர் 21 வரை 100-க்கு 18 ரூபாய் வரி. அதன்பிறகு 5 ரூபாய். குறைந்ததா? குறைந்தது. ஆனால் பதினெட்டாக இருந்த காலத்தில் நம்மில் ஒருவராவது கடைக்காரரிடம், "அண்ணாச்சி, இந்தச் சோப்பு பழசு, பாதி விலைக்கு மட்டும் வரி போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடிந்ததா? ஏழையின் வரி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கொடுக்காமல் சாமான் கைக்கு வராது. பணக்காரனின் வரி மட்டும் அவன் எழுதித் தரும் காகிதத்தை நம்பியிருக்கிறது. 2011-ம் வருஷத்திலிருந்து சரக்கின் மதிப்பையும் வரியையும் இறக்குமதி செய்கிறவனே கணக்கிட்டுச் சொல்லலாம் என்று சட்டம். அதிகாரி அதைச் சரிபார்ப்பார். அந்தச் சரிபார்ப்பில்தான் எல்லாக் கூத்தும் நடக்கிறது.

வாசல்கள் பல

தோழர்களே! விலையைக் குறைத்து எழுதுவது ஒரு வாசல். இன்னும் பல வாசல்கள் உண்டு.

வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுக் குடியேறத் திரும்பி வருகிறவர், அங்கே ஒரு வருஷமாவது தாம் வைத்து ஓட்டிய காரைக் கொண்டுவரலாம் என்று விதி இருக்கிறது. வந்தபின் இரண்டு வருஷம் விற்கக்கூடாது. பாடுபட்டுப் பிழைத்துத் திரும்புகிறவனுக்காகச் செய்த சலுகை இது. இதில் யார் நுழைந்தார்கள்? புத்தம்புதுக் காரைப் பழசு என்று எழுதினார்கள். கார் பழசானால் மதிப்பு குறையும். மதிப்பு குறைந்தால் வரி குறையும். எவனோ ஒருவன் பேரில் இறக்கி, வேறொரு சீமானுக்கு விற்றார்கள்.

இப்படிப்பட்ட விவகாரத்தில்தான் இறக்குமதி செய்த ஒருவர் மீதும், வருவாய்ப் புலனாய்வு இயக்குநரக அதிகாரி ஒருவர் மீதும் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. 33 கார்கள், சர்க்காருக்கு 48 கோடி ரூபாய் நஷ்டம் என்பது சி.பி.ஐ.யின் குற்றச்சாட்டு. 2013 மார்ச் 21-ல் சென்னையில் சோதனை நடத்தினார்கள். தேதியைக் கவனியுங்கள்! அதற்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 19-ல்தான், தி.மு.க. மத்திய ஆட்சிக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டது. அன்றைய மு.க.ஸ்டாலின் வீட்டிலும் சோதனை என்றதும் பிரதமர் மன்மோகன் சிங்கே வருத்தம் தெரிவித்தார்; சோதனை நின்றது. இதில் யார் குற்றவாளி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: 48 கோடி ரூபாய் வரிக்கான ஃபைல், அரசியல் காற்று அடித்தால் திறந்து, காற்று நின்றால் மூடிக்கொள்கிற ஜன்னலா?

அடுத்த வாசல் தூதரகம். அந்நிய நாட்டுத் தூதர்கள் வரியில்லாமல் கார் இறக்கலாம். அது நாடுகளுக்குள் மரியாதை. 2021 ஜூலையில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் தூதர்கள் பேரில் வந்த கார்கள் வேறு பேர்களின் கைக்குப் போவதைப் பிடித்தது. இருபதுக்கு மேற்பட்ட கார்கள், 25 கோடி ரூபாய்க்கு மேல் வரி ஏய்ப்பு என்று சொன்னது.

இன்னொன்று மலை வாசல். 2025 செப்டம்பர் 23-ல் கேரளத்தில் சுங்கத்துறை பல இடங்களில் புகுந்து 36 கார்களைக் கைப்பற்றியது. இந்தச் சோதனைக்கு 'நும்கோர்' என்று பேர். பூட்டான் மொழியில் வண்டி என்று அர்த்தம். பூட்டான் வழியாகக் கார்களைக் கடத்தி, ராணுவத்தின் பேரிலும் தூதரகத்தின் பேரிலும் போலிப் பத்திரம் தயாரித்து, தூர மாநிலங்களில் பதிவு செய்து, சினிமா நட்சத்திரங்கள் வரைக்கும் விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. பழைய கார் இறக்குமதி ஆவதற்கு மும்பைத் துறைமுகம் ஒன்றே வழி என்றும், மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது என்றும் விதி இருக்கிறது. மலை இறங்கி வந்த வண்டிக்கு நம்பர் பிளேட் எப்படிக் கிடைத்தது? இந்தக் கும்பலின் தலைமையிடம் நம் கோவை என்று அதிகாரிகளே சொன்னார்கள். ஒழுங்காகப் பணம் கொடுத்துத்தான் வாங்கினோம் என்கிறார்கள் வாங்கியவர்கள். உண்மையை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் சட்டப்படி ஒரு சைக்கிளை வாங்கினாலே ரசீது கேட்கிறவர்கள் நாம்!

கடைசியாக, பெரிய கதவு. இதில் திருட்டுக் கும்பல் இல்லை, கம்பெனி இருக்கிறது. முழுக் காரைப் பிரித்து ஒரே செட்டாகக் கொண்டுவந்தால் 30 முதல் 35 சதம் வரி. உதிரி பாகம் என்றால் 5 முதல் 15 சதம். 2024 செப்டம்பரில் வோல்க்ஸ்வேகன் கம்பெனியின் இந்தியப் பிரிவுக்கு 140 கோடி டாலர் வரி பாக்கி என்று நோட்டீஸ் போயிற்று. கிட்டத்தட்ட முழுக் கார்களையே தனித்தனிப் பார்சலாக அனுப்பி, உதிரி பாகம் என்று காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனி மறுத்து, 2025-ல் மும்பை உயர்நீதிமன்றம் போனது. சந்தில் போகிறவன் ஒரு காரை மறைத்தால் கடத்தல். கம்பெனி மறைத்ததாகச் சொன்னால் அதற்குப் பேர் 'வகைப்படுத்தலில் கருத்து வேறுபாடு'!

வேலி யாருக்குக் காவல்?

இத்தனை வாசலிலும் காவலுக்கு ஆள் உண்டு. பில்லைப் பார்க்கிறவர் ஒருவர், பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் ஒருவர், அவருக்கு மேல் ஒருவர், அவரையும் கண்காணிக்க இன்னொருவர். அப்படியும் கார் வெளியே வருகிறது என்றால், ஒன்று கண் தெரியவில்லை; இல்லை, கண்ணை மூடக் கூலி கிடைத்திருக்கிறது. ஆளும் ஆளும் சந்திக்காமலே மதிப்பிடும் முறை 2020-ல் நாடு முழுவதும் வந்தது. முகம் மறைந்தது; லஞ்சப் புகார் மறையவில்லை. 2025 அக்டோபரில் சென்னையில் ஓர் இறக்குமதி நிறுவனம், லஞ்சத் தொல்லை தாளாமல் தொழிலையே நிறுத்துகிறேன் என்று பகிரங்கமாக அறிவித்தது. சுங்கத்துறை மறுத்தது, மத்திய நிதி அமைச்சகம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். சுங்கத்துறையில் வேலை செய்கிற எல்லாரும் திருடர்கள் என்று நாம் சொல்லவில்லை. இந்தக் கார்களைப் பிடித்ததும் அதே துறையின் ஊழியர்கள்தான். மழையிலும் வெயிலிலும் பெட்டி திறந்து பார்க்கிற கீழ்மட்ட ஊழியன் நம்மைப் போல் சம்பளக்காரன். ஊழியன் அஞ்சாமல் வேலை செய்ய வேண்டுமானால் அவனுக்குப் பின்னால் ஜனங்கள் நிற்க வேண்டும். கோபத்தைக் கீழே கொட்டிவிட்டு மேலே இருப்பவனை விட்டுவிடாதீர்கள்!

சட்டத்துக்கு இரண்டு தராசு

பிடிபட்டால் என்ன தண்டனை? 1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். மோசடி செய்து வரியை மறைத்தவனுக்கு நோட்டீஸ் வந்தால், 30 நாளைக்குள் வரியையும் வட்டியையும் கட்டி, அதோடு வரியில் 15 சதம் அபராதமும் கட்டினால், அந்த நோட்டீஸ் விவகாரம் முடிந்தது. கிரிமினல் வழக்குத் தனியாகப் போடலாம். ஆனால் போட வேண்டுமே! ஏய்த்த வரி 50 லட்சத்தைத் தாண்டினால்தான் அது ஜாமீனில் விட முடியாத குற்றம் ஆகிறது. ஆனால் 2024 ஜூன் வரை அமலில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில், ஒரு சைக்கிள் திருட்டும் ஜாமீனில் விட முடியாத குற்றம்தான். சைக்கிளுக்குச் சிறை, 49 லட்சத்துக்கு வீட்டுச் சாப்பாடு! அகப்பட்டவனுக்கு அஷ்டமத்தில் சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதில் குரு என்பது இதுதான்.

வரியைக் குறைத்தால் தீருமா?

பெரிய மனிதர்கள் ஒரு சமாதானம் சொல்கிறார்கள்: "வரி அதிகம், அதனால்தான் ஏய்க்கிறார்கள். குறைத்துவிடுங்கள், ஏய்ப்பு போய்விடும்." மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை! அரிசி ரேஷனில் பதுக்கல் நடந்தால் ரேஷனையே எடுத்துவிடலாமா?

ஆனால் காரியம் அந்தத் திசையில்தான் போகிறது. 2025 ஜூலை 24-ல் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில், அங்கிருந்து வரும் கார்களுக்கு, ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள், 100 சதத்துக்கு மேல் இருந்த வரியைப் படிப்படியாக 10 சதத்துக்கு இறக்க ஒப்புக்கொண்டார்கள். திருட்டுத்தனமாக மிச்சம் பிடித்ததைச் சட்டப்படியே மிச்சம் பிடித்துக்கொள் என்று கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு சூட்சுமம். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் இந்த விலையுயர்ந்த கார்களின் மொத்த வரி 110 சதம் மாறவில்லை. ஆனால் அடிப்படை வரியை 100-லிருந்து 70 ஆக்கி, 40 சதத்தை 'செஸ்' என்று பேர் மாற்றினார்கள். பேரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? அடிப்படை வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. செஸ்ஸில் பங்கு கிடையாது. ஏய்ப்பவன் ஏய்த்தது போக, கட்டியவன் கட்டியதிலும் நம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வரவேண்டிய பங்கு சுருங்கிவிட்டது.

நாம் என்ன செய்ய வேண்டும்?

அந்த அம்மாளுக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும். அது பணக்காரனுக்கும் போலீசுக்கும் உள்ள பஞ்சாயத்து அல்ல. மேலே கட்டாமல் விட்ட ஒவ்வொரு ரூபாயும் கீழே இரண்டு விதமாக வந்து விழுகிறது: நம் சாமானில் ஏறும் வரியாக, நமக்கு வரவேண்டியதில் விழும் வெட்டாக. "கூலி உயர்த்து" என்றால் "கஜானாவில் பணமில்லை" என்கிறார்களே, அந்தக் கஜானாவின் ஓட்டை இதுதான்.

நம் கோரிக்கைகள் இவை:

பெருந்தொகை வரி ஏய்த்தவர்களின் பெயரையும் தொகையையும் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

இறக்கியவன் மட்டுமல்ல, தெரிந்தே வாங்கியவன், கையெழுத்திட்ட அதிகாரி, போலிப் பதிவு செய்துகொடுத்த போக்குவரத்து அலுவலகம் ஆகிய நால்வரும் ஒரே வழக்கில் நிற்க வேண்டும்.

நேர்மையாகப் பிடித்த ஊழியனை மாற்றல் உத்தரவால் பழிவாங்காமல் பாதுகாக்க வேண்டும்.

ஆடம்பரக் கார் வரியைக் குறைக்கக் கூடாது. வசூலாகும் பணத்தில் மாநிலங்களுக்கு முழுப் பங்கு வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டம் 2005 நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம். புலனாய்வு இயக்குநரகத்துக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஊழல் குற்றச்சாட்டைப் பற்றிய தகவலுக்கு அந்த விலக்குச் செல்லாது. எத்தனை கார்கள் பிடிபட்டன, எத்தனை திரும்பப் போயின, எத்தனை அதிகாரிகள் தண்டனை பெற்றார்கள் என்று ஒவ்வொரு சங்கமும் கேட்கட்டும். பட்டறைத் தொழிலாளிக்கும் டிரைவருக்கும் தெரியாத கார் இந்த ஊரில் இல்லை. வண்டியைத் துடைக்கிற கைக்கு அதன் சரித்திரமும் தெரியும்.

அவர்கள் காகிதத்தில் மறைப்பதை நாம் தெருவில் கேட்போம். சோப்புக்கு வரி கட்டுகிறவனுக்கு, காருக்கு வரி கேட்கிற உரிமை உண்டு!