வீட்டுக்குள் ஒரு நூலகம்

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வீட்டைத் திறந்துவிடச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்? டோக்கியோவில் மொமோகோ இஷீ என்ற பெண்மணி 1958-இல் அதைத்தான் செய்தார். 'வின்னி த பூ' கரடிக்குட்டியை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர், பதிப்பாசிரியர். தன் வீட்டிலேயே 'கட்சுரா புங்கோ' என்ற வாசிப்பு அறையைத் தொடங்கினார். பிள்ளைகள் வருவார்கள், படிப்பார்கள், கதை கேட்பார்கள், பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அவருக்கும் லாபம்தான்: எந்தக் கதைக்குச் சிரிக்கிறார்கள், எதற்குக் கொட்டாவி விடுகிறார்கள் என்று நேரிலேயே பார்த்துவிடலாமே! அந்த அனுபவத்தை 1965-இல் புத்தகமாக எழுதினார். அதைப் படித்த தாய்மார்கள் பலர் தங்கள் வீடுகளிலும் அலமாரி வைத்தார்கள். 1974-இல் இத்தகைய சில வீட்டு நூலகங்கள் ஒன்றுசேர்ந்து டோக்கியோ குழந்தைகள் நூலகம் உருவானது.