வீட்டுக்கு நட்சத்திரம் யார் போடுவது?



ஏர்கோன் வாங்கக் கடைக்குப் போனால் நம் கண் முதலில் தேடுவது முகப்பில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைத்தான். மூன்றா, நாலா, ஐந்தா என்று எண்ணிப் பார்க்கிறோம். ஐந்து நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, பில்லில் மிச்சமாகும் என்று கணக்குப் போடுகிறோம். இந்தப் பழக்கம் தானாக வந்துவிடவில்லை. மலேசியாவில் 2013-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளைத் திருத்தி, ஏர்கோன், குளிர்பெட்டி, தொலைக்காட்சி, மின்விசிறி, விளக்கு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் இருந்தே ஆக வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அந்த லேபலை நாம் படிக்கக் கற்றுக்கொண்டோம்.

ஆனால் அந்த ஏர்கோனை மாட்டப்போகிற வீட்டுக்கு நட்சத்திரம் கிடையாது. முப்பது, முப்பத்தைந்து வருடம் வங்கிக் கடன் கட்டி வாங்குகிற வீடு அது. எத்தனை அறை, எத்தனை சதுர அடி, ஃப்ரீஹோல்டா லீஸ்ஹோல்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் கேட்கிறோம், பதிலும் கிடைக்கிறது. இந்த வீடு மத்தியானத்தில் எவ்வளவு காயும், அதைக் குளிர வைக்க மாதம் எத்தனை யூனிட் பிடிக்கும் என்பதை யாரும் எழுதித் தருவதில்லை. குடிபோன பிறகு பில் வந்துதான் தெரிகிறது.

2025 ஜூலை 1 முதல் நம் மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் புதிய கட்டண முறை நடப்பில் இருக்கிறது. மாதம் 1,000 யூனிட்டுக்குள் நின்றால் சிக்கன ஊக்கக் கழிவு உண்டு. 600 யூனிட்டைத் தாண்டினால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் சேர்கிறது. 1,500-ஐத் தாண்டினால் மின் உற்பத்திக்கான கட்டணம் யூனிட்டுக்கு 10 சென் ஏறுகிறது. இந்த எல்லைகளுக்குள் நிற்க வேண்டுமென்றால், ஆட்கள் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் மட்டும் போதாது. வீடே ஒத்துழைக்க வேண்டும்.

நான் மனதில் வைத்துப் பேசுவது பினாங்கின் கெலுகோர் வீடுகளை. கிழக்கே கடல், மேற்கே குன்று. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரை டிகிரிக்கும் சற்றுக் குறைவான வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முதல் பாதியிலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். நம் கடிகாரத்தில் அது பகல் ஒன்றேகால் மணி. மற்ற நாட்களிலும் சூரியன் பெரிதாக விலகிப் போவதில்லை. அப்படியென்றால் வெயிலை வாங்கிக்கொள்வது யார்? முதலில் கூரை. அடுத்து, காலையில் கிழக்குச் சுவர், மாலையில் மேற்குச் சுவர். தாமான் துன் சார்டோனில் ஒரு வரிசை வீடு, புக்கிட் கம்பிரில் ஒரு கொண்டோ, பத்து ஊபானில் ஒரு பழைய பலகை வீடு என்று மூன்றையும் எடுத்துக்கொண்டால், மூன்றும் மூன்று விதமாகக் காயும். ஒரே கொண்டோவில்கூடக் கடலைப் பார்த்த வீடும் குன்றைப் பார்த்த வீடும் ஒன்றல்ல. மேல்மாடிக்காரரின் பில்லும் நடுமாடிக்காரரின் பில்லும் ஒன்றல்ல.

இரவு எட்டு மணிக்கு மாடி அறைக்குள் நுழைந்து, நாற்காலி போட்டு ஏறி, சீலிங்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். பகலெல்லாம் தோசைக்கல்லாகக் காய்ந்த ஓடு, அந்தச் சூட்டைச் சீலிங் வழியாக அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். நாம் ஏர்கோனை 18-இல் வைத்துவிட்டு, ‘மெஷின் சரியில்லை’ என்று அதைத் திட்டுகிறோம்.

இதை அளந்து சொல்வதையே தொழிலாகச் செய்பவர்தான் வீட்டு எரிசக்தி மதிப்பீட்டாளர். அவர் வந்தால் என்ன செய்வார்? வாசலில் நின்று வீடு எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று குறித்துக்கொள்வார். அறைகளை, சன்னல்களை, கண்ணாடிப் பரப்பை நாடா வைத்து அளப்பார். சன்னலுக்கு மேல் நிழற்பலகை எத்தனை அங்குலம் நீட்டியிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு ஏணி போட்டுச் சீலிங் கதவைத் திறந்து, டார்ச்சோடு தலையை உள்ளே விடுவார். ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் இருக்கிறதா, இருந்தால் கிழிந்து தொங்குகிறதா, சீலிங்குக்கு மேல் வெப்பம் தடுக்கும் பஞ்சு போட்டிருக்கிறதா, அதன் கனம் எவ்வளவு, மூலை முடுக்கெல்லாம் பரவியிருக்கிறதா, வயரிங் வேலைக்கு வந்தவர் சுருட்டி ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா? ஒவ்வொன்றையும் படம் எடுப்பார். ஏர்கோனின் பெயர்ப்பலகையை எழுதிக்கொள்வார். இதையெல்லாம் கணினியில் ஏற்றினால் ஓர் எண்ணோ நட்சத்திரமோ வரும்.

அந்த எண்ணை நம்பலாமா என்பது கணினியைப் பொறுத்தது இல்லை. அந்த மனிதர் உண்மையிலேயே ஏணியில் ஏறினாரா, ஏறி எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து ஏறினாரா என்பதைப் பொறுத்தது. என் பேச்சு முழுவதும் இந்த ஓர் இடத்தைச் சுற்றியேதான் இருக்கும்.

இந்தத் தொழிலை முறைப்படுத்திய நாடுகள் பட்டறிவில் சிலவற்றைக் கற்றிருக்கின்றன. அயர்லாந்தில் விற்கவோ வாடகைக்கு விடவோ முன்வைக்கப்படும் வீட்டுக்கு ஏ1 முதல் ஜி வரை ஒரு தரச்சான்று வேண்டும். புதிய வீடுகளுக்கு 2007-இலும், பழைய வீடுகளுக்கு 2009-இலும் இது வந்தது. சான்று கொடுப்பவர் பயிற்சி முடித்து, தேசியத் தேர்வில் தேறி, அந்நாட்டு எரிசக்தி அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். அதோடு விட்டுவிடுவதில்லை. அவர் கொடுத்த சான்றுகளை எடுத்துத் தணிக்கை செய்கிறார்கள். தவறு கண்டால் கார் ஓட்டிகளுக்குப் போடுவதுபோல் தண்டனைப் புள்ளி. புள்ளிகள் ஏறினால் பதிவு நிறுத்தப்படும், ரத்தும் ஆகும். இங்கிலாந்தில் மதிப்பீட்டாளருக்குத் தொழில் பொறுப்புக் காப்புறுதி இருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு அவர் உறவா, விற்பனையில் அவருக்குப் பங்கு உண்டா என்பதைச் சான்றிலேயே அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 1995-இல் தொடங்கிய ரெஸ்நெட் என்ற அமைப்பு, மதிப்பீட்டாளரின் கோப்புகளில் பத்தில் ஒன்றையும், அவர் நேரில் போய் அளந்த வீடுகளில் நூற்றில் ஒன்றையும் வேறொருவர் மறுபடி சரிபார்க்கும் முறையை வைத்தது. அங்கே எண் குறையக் குறைய வீடு நல்லது. 100 என்றால் ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வைத்த புது வீடு, சுழியம் என்றால் தனக்கு வேண்டிய எரிசக்தியைத் தானே ஆக்கிக்கொள்ளும் வீடு.

இவற்றில் ஆஸ்திரேலியாவின் முறைதான் நமக்கு மிகவும் பயன்படும் என்பது என் எண்ணம். அவர்கள் பத்து நட்சத்திர அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நாட்டை 69 தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து, அந்தந்த மண்டலத்துக்கு ஏற்றபடி கணக்கிடுகிறார்கள். குளிரில் நடுங்கும் மெல்பர்னுக்கு ஒரு கணக்கு, நம்மைப்போல் புழுங்கும் டார்வினுக்கு வேறு கணக்கு. தலைநகர் கான்பெரா வட்டாரத்தில் வீட்டை விற்பவர் நட்சத்திர எண்ணை வெளிப்படுத்த வேண்டும் என்பது 1999-இலிருந்தே நடப்பு. ஐரோப்பியப் பயிற்சிப் புத்தகத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால், வெந்நீர்க் கொதிகலனையும் சூடு வெளியேறாமல் தடுக்கும் வழிகளையும் பற்றிப் பாதிப் புத்தகம் பேசும். நமக்கு வேண்டியது சூடு உள்ளே வராமல் தடுப்பது, காற்று ஓடுவது, ஈரப்பதம்.

இந்தியாவிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ், எரிசக்தித் திறன் செயலகம் 2004 முதல் தேசியத் தேர்வு நடத்துகிறது. எரிசக்தி மேலாளருக்கு மூன்று தாள், தணிக்கையாளருக்கு நாலு தாள். 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்கென்றே ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பும் வந்தது. குளிர் பிரதேசம் தவிர மற்ற இடங்களில், சுவர் சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பொருந்துகிற கணக்கு. அந்த ஊர்களின் புழுக்கமும் நம் புழுக்கமும் பங்காளிகள்தாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம், அதாவது 861-ஆம் சட்டம், 2025 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூலும் அதற்கு மேலும், மின்சாரமாகச் சொன்னால் 60 லட்சம் யூனிட்டும் அதற்கு மேலும் எரிசக்தியைப் பயன்படுத்துகிறவர்கள், பதிவுபெற்ற எரிசக்தி மேலாளரை வைத்துக்கொள்ள வேண்டும், தணிக்கையும் செய்ய வேண்டும். 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள அலுவலகக் கட்டடங்கள் லேபல் பெற வேண்டும். மேலாளர், தணிக்கையாளர், பயிற்சி நிறுவனம் என்று எல்லாரையும் எரிசக்தி ஆணையம் பதிவு செய்கிறது. அருமையான ஏற்பாடு, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கட்டடங்களை அளப்பதில் சட்டத்தின் கை பெரிய கட்டடங்களோடு நின்றுவிடுகிறது. வீட்டு வாசலுக்கு அது வரவில்லை.

வீட்டுப் பக்கம் நமக்கு இருப்பவை தன்விருப்ப முறைகள். கட்டடக் கலைஞர்களும் ஆலோசகப் பொறியியலாளர்களும் சேர்ந்து 2009-இல் கொண்டுவந்த ஜிபிஐ என்ற பசுமைக் கட்டடக் குறியீட்டில் குடியிருப்புகளுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. 50 மதிப்பெண் எடுத்தால் சான்று, 86-ஐத் தொட்டால் பிளாட்டினம். வீட்டுவசதி மேம்பாட்டாளர்களின் சங்கம் 2013-இல் கிரீன்ஆர்இ-யைத் தொடங்கியது. 2017-இல் குடியிருப்புகளுக்கான எம்எஸ் 2680 என்ற மலேசியத் தரநூலும் வந்தது. ஜிபிஐ-யில் எனக்குப் பிடித்தது ஒன்று. பயிற்சி பெற்றுத் தேர்வெழுதிய வழிகாட்டுநர் ஒருவர் விண்ணப்பதாரருக்கு உதவுவார், மதிப்பெண் போடும் சான்றாளர் வேறொருவர். உதவுகிற கையும் மதிப்பெண் போடுகிற கையும் தனித்தனி. வீட்டு மதிப்பீடு வரும்போதும் இந்தப் பிரிவினை வேண்டும். என்ன குறையென்றால், இவை மேம்பாட்டாளர் புதிதாகக் கட்டும் திட்டங்களுக்குப் போய்ச் சேர்கின்றன. எண்பதுகளில் கட்டிய வரிசை வீட்டில் குடியிருக்கும் நம் அக்கா ஒருவர், ‘என் வீட்டை அளந்து சொல்ல ஆள் உண்டா?’ என்று கேட்டால், கை காட்ட ஒரு பதிவேடு இல்லை.

பதிவேடு நமக்குப் புதுமையான விஷயமும் இல்லை. வீட்டுக்கு வயரிங் செய்ய எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஒருமுனை மின்சாரத்துக்கு ஒரு சான்று, மும்முனைக்கு இன்னொன்று. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் பள்ளிப் படிப்போடு தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போய் அந்தச் சான்றை வாங்கி, இன்று கைத்தொழிலோடு நன்றாக இருக்கிறார்கள். ஏற்கனவே ஏணியும் டார்ச்சும் சீலிங் இடுக்கும் பழகியவர்கள் அவர்கள். வீட்டு மதிப்பீட்டாளர் பயிற்சியை அவர்களிடமிருந்து தொடங்குவதுதான் இயல்பு. பட்டதாரிகளுக்கு மட்டுமே என்று வாசலை அடைத்துவிடக் கூடாது.

பயிற்சிக்கு இடமும் வெகு தூரத்தில் இல்லை. மிண்டன் வளாகத்தில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், வீடு, கட்டடம், திட்டமிடல் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் பள்ளியே இயங்குகிறது. வெப்பம், காற்றோட்டம், பகல் வெளிச்சம் பற்றி அங்கே ஆய்வு நடக்கிறது. பாயான் லெப்பாஸில் 1989 முதல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. கணக்கைப் பல்கலைக்கழகம் சொல்லித்தரட்டும், கைப்பழக்கத்தைத் திறன் மையம் சொல்லித்தரட்டும். தேர்வு எழுத்தில் மட்டும் முடிந்துவிடக் கூடாது. ஒரே வீட்டுக்குள் பயிற்சி பெறும் இருவரைத் தனித்தனியே அனுப்பி, இருவர் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் யார் எதைப் பார்க்காமல் விட்டார் என்று அந்த வீட்டிலேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

பெண்களும் இந்தத் தொழிலுக்கு நிறைய வர வேண்டும். மதிப்பீட்டாளர் படுக்கையறை வரை வந்து அளக்க வேண்டியவர். பகலில் பல வீடுகளில் அம்மாவோ பாட்டியோ தனியாக இருப்பார்கள். யார் யாரோ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு கதவைத் தட்டுகிற காலம் இது. படத்தோடு அடையாள அட்டை, அதில் பதிவு எண், அந்த எண்ணைக் கைப்பேசியில் தட்டினால் முகமும் பெயரும் வர வேண்டும். அறிக்கையை மலாயில் எழுதினாலும், வீட்டிலிருப்பவருக்குப் புரிகிற மொழியில் அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கவும் வேண்டும். ‘ஏர்கோனை மாற்றாதீர்கள், முதலில் கூரைக்குப் பஞ்சு போடுங்கள்’ என்று ஒரே வரியில் சொன்னால் போதும், பாட்டிக்குப் புரிந்துவிடும்.

பணம் யார் கொடுப்பது? விற்பவரே தமக்குப் பிடித்த மதிப்பீட்டாளரைத் தேர்ந்து பணம் கொடுத்தால், நட்சத்திரம் ஏறத்தான் ஏறும். மனித இயல்பு அது. கட்டணத்தை விற்பவர் கட்டட்டும், ஆளைப் பதிவேடு அனுப்பட்டும். மலிவுவிலை பிளாட்டுகளுக்கு மாநில அரசு செலவை ஏற்கட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. ஒரு புளோக்கில் மேல்மாடி, நடுமாடி, மூலை வீடு என்று சிலவற்றை அளந்தாலே அந்தப் புளோக்கின் நோய் தெரிந்துவிடும்.

இதெல்லாம் வரும்வரை, புது வீடு வாங்க நினைப்பவர்கள் மேம்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூரைக்கு அடியில் என்ன போடுகிறீர்கள், எத்தனை மில்லிமீட்டர் கனம்? மேற்குப் பார்த்த சன்னலுக்கு நிழல் என்ன? எம்எஸ் 2680-ஐப் பின்பற்றியிருக்கிறீர்களா? பசுமைச் சான்று இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அது வரைபடத்தைப் பார்த்துக் கொடுத்ததா, கட்டி முடித்த பிறகு கொடுத்ததா என்று கேளுங்கள். சான்றின் தேதியையும் பாருங்கள், ஜிபிஐ சான்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது.