கமிஷன் சம்பள உயர்வு ஆகாது!

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய பொதுக் கூட்டத்தில் ஜவுளிக் கடைச் சிப்பந்தி ஒருவர் ஆற்றிய உரை.)



நான் மில்லில் தறி ஓட்டியவன் அல்ல. வயலில் இறங்கி நாற்று நட்டவனும் அல்ல. ஜவுளிக் கடையில் இருபத்திரண்டு வருஷம் புடவை விரித்துப் போட்டவன். ஆனாலும் நமக்குள் உறவு புதிதல்ல. மில்லில் நீங்கள் நூற்ற நூல் துணியாகி என் மேஜைக்கு வருகிறது. அறுவடையில் நீங்கள் வாங்கிய கூலி, தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் அதே மேஜைக்கு வருகிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவன் இஸ்திரி போட்ட சட்டையுடன் சிரித்த முகமாக நிற்பதைப் பார்த்து, “இவனுக்கு என்ன குறை?” என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் குறையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

விலைவாசி ஏறிய கணக்கு

விலைவாசியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. உங்கள் வீட்டு அடுப்புக்கே தெரியும். ஆனாலும் சர்க்காரின் கணக்கையே பார்ப்போம். தொழிலாளி குடும்பம் வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், துணி, வீட்டு வாடகை எல்லாவற்றையும் சேர்த்து, மத்திய சர்க்காரின் லேபர் பீரோ மாதாமாதம் விலைவாசிக் குறியெண் வெளியிடுகிறது. 1982-ஆம் ஆண்டை 100 என்று வைத்த கணக்கு 2001-க்கு மாறியபோது, பழைய 463 புதிய 100 ஆயிற்று. பிறகு 2001-லிருந்து 2016-க்கு மாறியபோது, 288 மறுபடியும் 100 ஆயிற்று. இதற்கு அர்த்தம் என்ன? 1982-ல் 100 ரூபாயில் நடந்த குடும்பத்துக்கு 2016-ல் ஏறத்தாழ 1,333 ரூபாய் வேண்டும். அதற்குப் பிறகும் விலை இறங்கி வரவில்லை.

இந்த ஏற்றத்துக்கு ஈடாக மில் தொழிலாளி போராடிப் பெற்றதுதான் பஞ்சப்படி. குறியெண் ஏறினால் புள்ளிக்கு இத்தனை என்று படியும் ஏறும். முதலாளிக்கு லாபம் கூடிற்றா குறைந்ததா என்று அது கேட்பதில்லை. அரிசி விலை ஏறிற்றா என்று மட்டும்தான் கேட்கும்.

கடைச் சிப்பந்திக்கு என்ன உண்டு? சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று 1947-லேயே கடைகள் சட்டம் வந்தது. 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் கடைகளுக்கும் கூலி நிர்ணயம் ஆயிற்று. சென்னைக் குறியெண் ஏறும்போது பஞ்சப்படியும் ஏற வேண்டும் என்று உத்தரவுகளும் வந்தன. ஆனால் சங்கம் இல்லாத இடத்தில் உத்தரவு காகிதத்தோடு நின்றுவிடும். நாள் முழுவதும் நின்று கால் வீங்கிய சிப்பந்தி, வாடிக்கைக்காரர் இல்லாத நேரத்திலாவது உட்காரலாம் என்பதற்கே தனிச் சட்டம் வேண்டியிருந்தது. கேரளத்தில் பெண் சிப்பந்திகள் போராடி 2018-ல் அதைப் பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2021-ல்தான் வந்தது. உட்காருவதற்கே இத்தனை வருஷம் என்றால், சம்பள உயர்வுக்கு எத்தனை வருஷம்?

கமிஷன் என்ற தூண்டில்

சம்பளம் கூட்டிக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்டோம். முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்: “சம்பளத்தை ஏன் கேட்கிறாய், தம்பி? விற்பனையில் நூற்றுக்கு ஒன்று கமிஷன் தருகிறேன். உழைக்கிறவன் எவ்வளவு வேண்டுமானாலும் சம்பாதிக்கலாம்!”

கேட்க இனிமையாகத்தான் இருந்தது. நாங்களும் கை தட்டினோம். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று.

சுலபமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். சம்பளம் 10,000 ரூபாய். மாதம் 4 லட்ச ரூபாய்க்கு விற்றால் கமிஷன் 4,000. ஆக 14,000. அத்தனையும் குடும்பச் செலவுக்குச் சரியாகப் போகிறது. இப்போது விலைவாசி நூற்றுக்குப் பத்து ஏறுகிறது. அதே குடும்பத்துக்கு 15,400 வேண்டும். அந்த நேரத்தில் கடையில் என்ன நடக்கும்? அரிசிக்கே பணம் போதாத ஜனங்கள் முதலில் நிறுத்துவது துணியை. இரண்டு வேட்டி எடுக்கிறவர் ஒன்று எடுப்பார். விற்பனை 3 லட்சமாக இறங்கும். கமிஷன் 3,000 ஆகும். கைக்கு வருவது 13,000, வேண்டியது 15,400. துண்டு விழுவது 2,400 ரூபாய்!

பஞ்சப்படி விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது. கமிஷனோ விலைவாசி ஏறும்போது இறங்குகிறது. எந்த மாதம் பணம் அதிகம் வேண்டுமோ, அந்த மாதம் பார்த்துக் குறைகிறது. வியாபாரத்தின் நஷ்டத்தை முதலாளியின் பெட்டியிலிருந்து எடுத்துச் சிப்பந்தியின் சோற்றுப் பானையில் வைக்கும் வேலைக்குப் பெயர்தான் கமிஷன்.

போதாக்குறைக்கு, ஆடித் தள்ளுபடிச் சரக்குக்குக் கமிஷன் இல்லை என்றார்கள். திரும்பி வந்த துணிக்குக் கொடுத்த கமிஷனைப் பிடித்தார்கள். டார்கெட் எட்டாவிட்டால் அந்த மாதம் ஒன்றுமே இல்லை என்றார்கள். எதுவும் எழுத்தில் கிடையாது. எல்லாம் வாய்ச்சொல்.

கணக்கில் வராத கூலி

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கவனமாகக் கேளுங்கள். பிராவிடண்டு பண்டுக்கு 1952-லும், போனஸுக்கு 1965-லும், கிராஜுவிட்டிக்கு 1972-லும் சட்டங்கள் வந்தன. மூன்றிலுமே கமிஷன் சம்பளக் கணக்கில் சேரவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய ஊதியத் தொகுப்புச் சட்டமும் கமிஷனை ஊதியத்திலிருந்து விலக்கித்தான் வைத்திருக்கிறது. இப்படி விலக்கிய இனங்கள் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் போனால், பாதிக்கு மேற்பட்ட தொகையை மட்டும் ஊதியத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது.

நம் கணக்கில் 14,000-த்தில் 4,000 கமிஷன். பாதியை எட்டவில்லை. எனவே அது கணக்கில் வராது. முழுதும் சம்பளமாக இருந்திருந்தால், பிராவிடண்டு பண்டுக்கு முதலாளி நூற்றுக்கு 12 வீதம் மாதம் 1,680 ரூபாய் கட்ட வேண்டும். இப்போது கட்டுவது 1,200. மாதம் 480 ரூபாய் மிச்சம், அவருக்கு! இருபது வருஷம் உழைத்து வெளியே வரும்போது கிராஜுவிட்டி 1,61,538 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 1,15,384 ரூபாய்தான் வரும். நாற்பத்தாறாயிரம் ரூபாய் போன இடம் தெரியாது. கமிஷனாகக் கொடுத்த கூலி அன்றைக்குச் செலவுக்கு ஆயிற்று. வயோதிகத்துக்கு ஒரு காசு சேர்க்கவில்லை.

நான் செய்த தவறு

தோழர்களே! பண நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒரு மாதக் கடைசி. என் டார்கெட் எட்டவில்லை. விவசாயக் கூலிக் குடும்பம் ஒன்று வந்தது. மகளுக்குக் கலியாணம். அந்த அம்மாள் மடியில் முடிந்திருந்த பணத்தை எடுத்து இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அண்ணா, மூவாயிரத்துக்குள்ளே ஒரு புடவை காட்டுங்க” என்றார். நான் ஐயாயிரம் ரூபாய்ப் புடவையை விரித்தேன். “கலியாணப் பெண்ணுக்கு இதுகூட எடுக்காவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?” என்று ஒரு வார்த்தையும் போட்டேன். தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே போய் யாரிடமோ பேசிக் கடன் வாங்கி வந்து கொடுத்தார்.

மூவாயிரத்துக்கு விற்றிருந்தால் எனக்கு 30 ரூபாய். ஐயாயிரத்துக்கு விற்றதால் 50 ரூபாய். 20 ரூபாய்க்காக என்னைப் போன்ற ஒரு தொழிலாளியை 2,000 ரூபாய்க்குக் கடனாளியாக்கினேன். என்னை “அண்ணா” என்று கூப்பிட்ட அம்மாளுக்கு நான் செய்த கைம்மாறு அது.

பக்கத்து மேஜைத் தோழனிடமும் இதே கதைதான். வாசலில் ஆள் வந்தால் யார் முதலில் இழுப்பது என்று எங்களுக்குள் சண்டை. ஒரே டிபன் பெட்டியில் கைபோட்டுச் சாப்பிட்டவர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம். முதலாளி எங்களை அடிக்கவும் இல்லை, வையவும் இல்லை. கமிஷன் என்ற ஒரு சொல்லை எங்கள் நடுவில் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரிந்த கதையே

இது உங்களுக்குப் புதிதா? மில்லில் பீஸ் ரேட் என்கிறார்கள். அதிகம் ஓட்டினால் அதிகம் கூலி என்கிறார்கள். எல்லோரும் அதிகம் ஓட்டிய பிறகு ரேட்டைக் குறைக்கிறார்கள். களத்துமேட்டில் கண்ட நெல்லில் பங்கு என்கிறார்கள். மழை பொய்த்தால் பங்கும் பொய்த்தது. பெயர்தான் வேறு. கஷ்டம் வரும்போது அதைத் தொழிலாளியின் வயிற்றில் இறக்கிவைப்பதில் மூன்றும் ஒன்றுதான்.

“அப்படியானால் சோம்பேறிக்கும் உழைப்பாளிக்கும் ஒரே சம்பளமா?” என்று கேட்பார்கள். கமிஷனே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. திறமைக்குக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். ஆனால் அது சோற்றுக்கு மேலே ஊற்றும் நெய்யாக இருக்கட்டும். சோற்றுக்குப் பதிலாக நெய்யைக் காட்டாதீர்கள்!

எங்கள் கோரிக்கை

கூலிக்கு அளவு எது? 1957-ல் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதைச் சொல்லிவிட்டது. குடும்பத்தின் உணவு, வீட்டு வாடகை, விறகு விளக்கு, நாலு பேருக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி. இவைதான் அளவு. பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், முதுமை போன்றவற்றுக்காக மொத்தக் குறைந்தபட்சக் கூலியில் நூற்றுக்கு 25 பங்கு இருக்க வேண்டும் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிற்று. இந்த அளவில் “எத்தனை புடவை விற்றாய்?” என்ற கேள்விக்கு இடமே இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது:

குடும்பம் நடத்தப் போதுமான அடிப்படைச் சம்பளம் முதலில்.

குறியெண் ஏறும்போது தானாக ஏறும் பஞ்சப்படி அதற்கு மேல்.

கமிஷன் தனி, அதன் விகிதமும் விதியும் எழுத்தில். கூடுமானவரை பிரிவில் உள்ள அனைவருக்கும் பொதுவாகப் பங்கிட்டுத் தர வேண்டும்.

கமிஷனையும் சேர்த்து பிராவிடண்டு பண்டும் கிராஜுவிட்டியும் கணக்கிட வேண்டும்.

தோழர்களே! அந்த 72 கஜம் துணியை நினைத்துப் பாருங்கள். உங்கள் கூலி உயர்ந்தால்தான் அது என் மேஜையில் விற்கும். அது விற்றால்தான் மில்லில் தறி ஓடும். உங்கள் கூலி உயர்வுப் போராட்டம் எனக்கும் சோறு போடும் போராட்டம். எங்கள் சங்கம் இப்போதுதான் முளைவிடுகிறது. நாளை கடை வாசலில் எங்கள் கொடியைப் பார்த்தால் அந்நியன் கொடி என்று எண்ணாமல் அருகே வந்து நில்லுங்கள்.

இனி உங்கள் வீட்டுக் கலியாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவரிடம், “எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், அம்மா? அதற்குள் நல்லதாகப் பார்ப்போம்” என்று பயமில்லாமல் சொல்லும் நிலை எனக்கு வேண்டும். அதற்குத்தான் இந்தச் சங்கம். அதற்குத்தான் இந்தச் சம்பளக் கோரிக்கை.