கேஷ் ஆன் டெலிவரி: 'வேண்டாம்'னு சொன்னா யார் பாக்கெட்ல கை வைக்கிறோம்?

போன மாசம் கேஷ் ஆன் டெலிவரியில ஒரு சட்டை ஆர்டர் பண்ணேன். ரெண்டு நாள்ல அதே மாதிரி சட்டை பக்கத்துக் கடையில கம்மி விலைக்குக் கிடைச்சுது, வாங்கிட்டேன். பார்சல் வந்தப்போ, "வேண்டாம் அண்ணா, திருப்பி அனுப்பிடுங்க"ன்னு சொல்லிட்டேன். எனக்கு ஒரு பைசா செலவில்லை.

இதை மதுரையில இருக்கிற பெரியம்மா பொண்ணுகிட்ட பெருமையா சொன்னேன். அக்கா வீட்ல இருந்தே இன்ஸ்டாகிராம்ல சுங்குடிச் சேலை விக்கிறாங்க. அவங்க சிரிக்கல. "நீயும் அந்த ஆளுதானாடா?"ன்னு கேட்டாங்க.

முதல்ல ஒரு விஷயம். இந்த முறை ஒண்ணும் புதுசு இல்லை. நம்ம நாட்டு தபால் துறை 1877லயே வி.பி.பி.ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. போஸ்ட்மேன் பார்சலைக் கொடுத்து காசு வாங்குவார், அது மணியார்டரா அனுப்பினவருக்குப் போகும். பத்திரிகை விளம்பரம் பார்த்து, கடுதாசி போட்டு புத்தகம் வரவழைச்ச தாத்தாக்கள் நிறைய பேர் இருக்காங்க. 2010ல ஃப்ளிப்கார்ட் இதைக் கொண்டுவந்தப்போ, கார்டு நம்பர் கொடுக்கப் பயந்தவங்களும் ஆன்லைன்ல வாங்க ஆரம்பிச்சாங்க. அந்தப் பயம் நியாயமானதுதான்.

இப்போ அக்கா கணக்குக்கு வருவோம். சேலை 850 ரூபாய். கூரியர், கேஷ் ஆன் டெலிவரிக்கான தனிக் கட்டணம் எல்லாம் போக கையில நிக்கிறது 150. நாம காசு கொடுத்த உடனே அது அக்காவுக்குப் போயிடாது. டெலிவரி பண்றவர் அதைக் கம்பெனியில கட்டணும். கம்பெனி பல ஆர்டர் காசைச் சேர்த்து, கமிஷன் பிடிச்சு, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுத்தான் பேங்க்ல போடும். சேலைக்கு முடிச்சுப் போடுற அம்மாக்களுக்கோ சனிக்கிழமை கூலி கொடுத்தே ஆகணும்.

இதுல நம்மள மாதிரி ஆள் 'வேண்டாம்'னு சொன்னா? இதுக்கு ஆர்.டி.ஓ.ன்னு பேரு. வண்டி ஆபீஸ் இல்லைங்க, ரிட்டர்ன் டு ஒரிஜின். போக 80, வர 70. ரெண்டும் அக்கா தலையில. ஒரு சேலை திரும்பினா, இன்னொரு சேலை வித்த லாபம் அப்படியே காலி. சேலையும் ரெண்டு மூணு வாரம் ரோட்லயே கிடக்கும், அதுக்குள்ள கேட்டு வந்தவங்களுக்குக் கொடுக்க முடியாது. தீபாவளி சமயத்துல பத்துக்கு நாலு திரும்பி வந்துச்சாம். கம்மலை அடகு வெச்சுத்தான் கூலி கொடுத்தாங்களாம். கோடு எழுதுற எனக்கு ரோல்பேக்னா இலவசம்னு நினைப்பு. இங்க அதுக்கு பில் வருது, வேற ஒருத்தர் பேர்ல.

வாங்குறவங்களுக்கும் ஆபத்து உண்டு. பெரும்பாலும் காசு கொடுத்த பிறகுதான் பிரிச்சே பார்க்க முடியும். எங்க வீட்லயே அப்பா பேர்ல வந்த பார்சலுக்கு அம்மா 499 கொடுத்துட்டாங்க. அப்பா ஆர்டரே பண்ணல, உள்ள ஒரு கிழிஞ்ச துணி. அதனால வீட்ல இருக்கிறவங்ககிட்ட ஆர்டர் போட்டதைச் சொல்லி வைங்க. சொல்லாத பார்சலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அதைத் திருப்பி அனுப்புறது தப்பே இல்லை.

ஆனா மனசு மாறினா, பார்சல் கிளம்புறதுக்கு முன்னாடியே கேன்சல் பண்ணிடுங்க. ஆப்ல ஒரு பட்டன்தான். கிளம்பின பிறகு பண்ணா, பெரும்பாலும் கூலி ஏறிடும்.

அக்கா இப்போ 100 ரூபாய் முன்பணம் ஜிபேல வாங்கிட்டு, மீதியை மட்டும் கேஷ் ஆன் டெலிவரியில வைக்கிறாங்க. ஆர்டர் கொஞ்சம் குறைஞ்சுது, ரிட்டர்ன் நிறையவே குறைஞ்சுது. போன வாரம் அம்மாவுக்கு ஒரு சேலை கேட்டேன். "அனுப்புறேன்டா, முதல்ல நூறு ரூபா போடு"ன்னாங்க.